வதந்தி ஒழிப்புக் கமிட்டியும் காதர் பீவியின் குடமும்

“நீங்க வாயத் தொறந்து ஒண்ணும் பேச வேணாம்ணே, வந்து நின்னாப் போதும்...”

“கமிட்டி போட்டாச்சுங்கிறேன், நீ காதுல வாங்காம...”

“குழாயடியில செத்த நேரம். பேச்சியம்மா கண்ணுல படுற மாதிரி...”

“மதுரையில இருந்து உத்தரவே வந்திருச்சு புள்ள! வதந்தி ஒழிப்புக் கமிட்டி! நானும் அதுல மெம்பரு!”

“மெம்பரா இருந்துக்கங்க, யாரு வேணாங்கிறா? போற வழியில குழாயடிக்கு வந்து, ‘இது எந்தங்கச்சி’ன்னு ஒரே ஒரு வார்த்தை...”

“இப்பத்தான் பேச வேணாம்ன?”

“சரி, பேசாமலே நில்லுங்க.”

ஜெகபர் அலி தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினார். மறுபடி தோளிலேயே போட்டுக்கொண்டார். பதில் கைவசம் இல்லாதபோது அவர் செய்கிற வேலை அது. அவரைச் சுற்றி உப்புத் தடவிய ஆட்டுத்தோல்கள் உத்தரம் வரைக்கும் அடுக்கிக் கிடந்தன. திண்டுக்கல்லில் அந்தத் தோல் மண்டியைத் தேடி வருகிறவர்கள் யாரிடமும் வழி கேட்பதில்லை. வாடையே கைப்பிடித்துக் கூட்டிவந்து வாசலில் விட்டுவிடும்.

காதர் பீவி அந்த வாடையிலேயே நின்றுகொண்டிருந்தாள். உட்காரச் சொல்ல அண்ணனுக்கு மறந்துவிட்டது.

அவள் ரங்கூனில் இருந்து கப்பலில் வந்து இன்னும் வருஷம் திரும்பவில்லை. அங்கே சர்க்கார் கடைகளை எல்லாம் எடுத்துக்கொண்டது. கடை போன துக்கத்திலேயே புருஷன் சனாவுல்லாவும் போய்விட்டார். மகள் மெஹராஜை இழுத்துக்கொண்டு, அண்ணன் இருக்கிறார் என்கிற ஒரே தைரியத்தில் திண்டுக்கல்லுக்கு வந்தாள். அண்ணனும் அதே ரங்கூனில் பிறந்தவர்தான். ஜப்பான்காரன் குண்டு போட்டபோது ஓடிவந்தவர், முந்தி வந்ததால் உள்ளூர்க்காரர் ஆகிவிட்டார். பிந்தி வந்தவள் அகதி. அண்ணன் வீட்டில் இடம் இல்லையாம். ஊரின் மறுகோடியில், சுருட்டு சுற்றுகிறவர்கள் குடியிருக்கும் தெருவில், கணக்குப்பிள்ளையை விட்டு ஒரு அறை பார்த்துக் கொடுத்தார். அந்தத் தெருவுக்குள் அவர் கால் வைத்ததில்லை. மண்டியில் வேலை தலைக்கு மேலாம்.

காதர் பீவி இடியாப்பம் அவித்து விற்றாள். நல்ல வெள்ளை இடியாப்பம். தெருவே வாங்கித் தின்றது. பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாள் தினமும் குழாயடியில் தன் குடத்துக்குப் பின்னாலேயே காதர் பீவியின் குடத்துக்கும் இடம் பிடித்து வைப்பாள். திண்டுக்கல்லில் ஒருத்தி இன்னொருத்திக்குக் குழாயடியில் இடம் பிடித்து வைத்தால், அதற்கு மேல் அன்பு காட்ட வழியில்லை.

அப்புறம்தான் ‘கோட்டை முரசு’ வாரப் பத்திரிகையில் அரைப் பத்தி காலியாகக் கிடந்தது.

ஆசிரியர் சடையாண்டி, தன் பெயருக்கு முன்னால் ‘எழுத்துவேங்கை’ என்று தானே போட்டுக்கொண்டவர். காலி இடம் கண்டால் வேங்கை சும்மா இருக்குமா? எழுதினார்:

‘சில மாதங்களாக நம் தெருக்களில் நாய்கள் குறைந்து வருகின்றன. சில மாதங்களாகப் பர்மாவிலிருந்து மக்கள் வந்துகொண்டிருக்கின்றனர். இவ்விரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று நாம் சொல்லவில்லை. வாசகர்களே சொல்லட்டும்.’

வாசகர்கள் சொன்னார்கள். வாசிக்கத் தெரியாதவர்கள் இன்னும் நன்றாகச் சொன்னார்கள். நாய் பிடிக்கிற வண்டி மாசி மாதம் முழுக்கத் தெருத்தெருவாய் வந்து, சுருக்குப் போட்டு இழுத்துப்போனதை அத்தனை பேரும் வாசலில் நின்று பார்த்தவர்கள்தான். ஆனால் அது பத்திரிகையில் வரவில்லையே. வராதது எப்படி நடந்திருக்கும்?

அடுத்த வாரம், ‘குழாய்த் தண்ணீரில் பர்மாக் காய்ச்சல்?’ என்று கொட்டை எழுத்தில் வந்தது. கேள்விக்குறி போட்டுவிட்டால் எதுவும் பொய்யாகாது என்பது எழுத்துவேங்கையின் கொள்கை.

மறுநாள் காதர் பீவியின் குடம் வரிசையில் கவிழ்ந்து கிடந்தது. அந்தக் குழாயடியில் வாய் மேலே பார்த்திருக்கிற குடத்துக்கு ஆள் உண்டு. கவிழ்ந்து கிடக்கிற குடத்துக்கு ஆள் இல்லை, அதைக் காலால் ஒதுக்கிவிட்டு அடுத்தவர் போகலாம். அவள் நிமிர்த்தி வைத்தாள். திரும்பிப் பார்ப்பதற்குள் மறுபடி கவிழ்ந்திருந்தது.

“யாருத்தா கவுத்துனது?”

“காத்துல கவுந்திருக்கும்” என்றாள் பேச்சியம்மாள். அன்றைக்கு மரத்தில் ஒரு இலை அசையவில்லை.

“பேச்சி, நீயுமா? நான் ஒன் கருப்பனைத் தின்னேன்னு நெனைக்கிறியா? அந்த நாய்க்கு தெனமும் இடியாப்பம் போட்டது யாரு?”

“அதத்தான் சொல்றாளுக. போட்டுப் பழக்குனாளாம்.” பேச்சியம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு மனசு கேட்காமல் திரும்பினாள். “இந்தா பாரு, நான் என்ன செய்ய? நீ ஜெகபர் அலி ராவுத்தர் தங்கச்சிங்கிற. எங்க வீட்டு ஆளு அவரு மண்டியிலதான் மூட்டை தூக்குறாரு. இந்தத் தெருவுல பாதிப் பேரு அங்கதான் தூக்குறாக. அவரு ஒரு நா இங்க வந்து, ஆமா எந்தங்கச்சிதான்னு சொல்லட்டும். மொதக் கொடம் ஒனக்கு. எவ கவுக்குறான்னு நான் பாக்குறேன்.”

அதைக் கேட்டுத்தான் காதர் பீவி மண்டிக்கு ஓடிவந்தது. அண்ணன் துண்டை இரண்டாம் தடவையும் உதறி முடித்திருந்தார்.

“நீ நாளைக்குக் கூட்டத்துக்கு வா” என்றார். “பின்னால ஓரமா ஒக்காரு. எல்லாம் முறைப்படி நடக்கும். நான் தனியா வந்து குழாயடியில நின்னா அது சொந்த விசயமாப் போயிரும். கமிட்டின்னா பொது விசயம்.”

“எனக்குத் தண்ணி சொந்த விசயம்தானேண்ணே?”

துண்டு மூன்றாம் தடவை பறந்தது.

கூட்டம் ‘கோட்டை முரசு’ அலுவலகத்திலேயே நடந்தது. நடுவில் பெரிய மேஜை. பர்மாத் தேக்கு. சடையாண்டியின் பாட்டனார் அந்தக் காலத்தில் ரங்கூனில் வட்டிக்கடை வைத்துக் கொண்டுவந்தது. அந்த மேஜையை ஊரில் ஒருவரும் அகதி என்று சொன்னதில்லை.

கமிட்டிக்குத் தலைவர் சடையாண்டிதான். அவர் எழுந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

“பெரியோர்களே! வதந்தி என்பது ஒரு நச்சுப் புகை. அது எங்கிருந்து கிளம்புகிறது என்று சிலர் கேட்கிறார்கள். எனக்குத் தெரியும். என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் இந்த ஊரில் இல்லை. இத்தனை வருஷமாக வதந்தியோடு ஒரே கூரையின் கீழ் வாழ்ந்து வருகிறவன் நான். ஆகவேதான் தலைமைப் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். நானும் அடக்கத்தோடு ஏற்றுக்கொண்டிருக்கிறேன்.”

எல்லாரும் கைதட்டினார்கள். ஜெகபர் அலி சற்றுக் கூடுதலாகவே தட்டினார். வருகிற எலெக்‌ஷனில் வார்டுக்கு நிற்கிற யோசனை அவருக்கு.

காதர் பீவி பின்னால் இருந்து எழுந்தாள். “ஐயா, ஒண்ணு கேக்கலாமா?”

“கேளம்மா, கேள். பாதிக்கப்பட்டவர் கேட்கத்தான் வேண்டும்.”

“நாங்க நாய் திங்கிறோம்னு ஒங்க பேப்பர்லதானே வந்துச்சு. போட்டது தப்புன்னு அதே பேப்பர்ல போட்டுட்டா முடிஞ்சு போச்சுல்ல?”

சடையாண்டி இரக்கத்தோடு சிரித்தார். “அம்மா, போட்டது தப்பு என்று போட்டால், எங்கள் பத்திரிகை தப்பாகவும் போடும் என்று ஜனங்கள் நினைத்துவிடுவார்கள். பிறகு நாங்கள் வெளியிடப் போகிற மறுப்பை யார் நம்புவார்கள்? உங்கள் நன்மைக்காகத்தான் அதைச் செய்யாமல் இருக்கிறோம்.”

“அப்ப நாய் புடிக்கிற வண்டி வந்துச்சே, அதையாவது...”

சுகாதார இலாகாவில் இருந்து வந்திருந்தவர் தொண்டையைச் செருமினார். “அந்த வண்டி ரிப்பேரில் இருக்கிறது. மார்கழியிலிருந்தே ரிப்பேர். ரிப்பேரில் இருக்கிற வண்டி மாசியில் நாய் பிடித்தது என்று நாங்கள் சொன்னால் அதுவும் ஒரு வதந்தி ஆகிவிடும்.”

தண்டோரா போடுவது என்று தீர்மானம் நிறைவேறியது. கூட்டம் முடிந்ததும் காதர் பீவி வாசலில் அண்ணனுக்காகக் காத்திருந்தாள். அண்ணன் கொல்லைப்புற வாசல் வழியாகப் போயிருந்தார்.

மறுநாளே தண்டோரா கிளம்பியது. தமுக்கு அடிக்கிற சூசைமுத்துவுக்கு நல்ல குரல். மலைக்கோட்டையில் பட்டு எதிரொலிக்கும்.

“இதனால் சகல ஜனங்களுக்கும் தெரிவிப்பது என்னன்னா... பர்மாவில இருந்து வந்தவுக நாய் திங்கிறதா சொல்றது... வதந்தீ... அவுக நாய் திங்கிறதில்லே... தின்னதுமில்லே...”

டவுனில் சில தெருக்களுக்கு அதுவரை விஷயமே தெரியாமல் இருந்தது. இப்போது தெரிந்துவிட்டது. கமிட்டி சுற்றுப்பட்டையும் விடவில்லை. சாணார்பட்டி, கன்னிவாடி என்று பட்டிதொட்டி எல்லாம் தமுக்குப் போயிற்று. சாணார்பட்டியில் பர்மா என்பது ஊரா ஆளா என்றே தெரியாதவர்கள்கூட, வாசலில் கட்டியிருந்த நாயை அவிழ்த்து உள்ளே கட்டினார்கள். “தீ இல்லாமயா மறுப்பாக?” என்று ஒருவர் கேட்டாராம்.

சிறுமலையில் இருந்து வாழைத்தார் கொண்டுவந்து விற்கிற ஒருத்தி தெருமுனையில் கூடையை இறக்கி வைத்துவிட்டு விசாரித்தாள். “ஏத்தா, அந்த நாய் திங்காத பர்மாக்காரி வீடு எது? ஒரு எட்டுப் பாத்துட்டுப் போறேன்.”

அன்றிலிருந்து அதுவே பெயராகிவிட்டது. இடியாப்பக்கார காதர் பீவி போய், நாய் திங்காத காதர் பீவி ஆனாள். நாய் திங்காதவள் அவித்த இடியாப்பத்தை யார் வாங்குவார்கள்? அவிக்கவும் தண்ணீர் இல்லை. மெஹராஜ் ரயில் ரோட்டைத் தாண்டிப் போய் ஒரு தோட்டத்துக் கிணற்றில் இறைத்து வந்தாள். அங்கேயும் தமுக்குப் போய்ச் சேர்ந்ததும், தோட்டக்காரர் கயிற்றைச் சுருட்டி உள்ளே வைத்துக்கொண்டார்.

கமிட்டி சுறுசுறுப்பாக இருந்தது. வாராவாரம் வதந்தி, வாராவாரம் மறுப்பு. வதந்தி முன்பக்கத்தில் வரும். மறுப்பு, மூலவியாதி லேகிய விளம்பரத்துக்குப் பக்கத்தில். பத்திரிகை முன்னைவிட நன்றாக விற்றது. ஆனால் சீக்கிரமே ஒரு சிக்கல். மறுக்க வதந்தி தீர்ந்துபோயிற்று. சடையாண்டி மனம் தளரவில்லை. அலுவலக வாசலில் ஒரு சிவப்புப் பெட்டி வைத்தார். யாருக்கு என்ன வதந்தி காதில் விழுந்தாலும் எழுதிப் போடலாம், கமிட்டி மறுக்கும்.

மறுபடி ஒரு கூட்டம் போட்டு விளக்கினார். “பெட்டியில் விழுவதெல்லாம் வதந்தி. வதந்தி எல்லாம் மறுக்கப்பட வேண்டியது. இதில் விசாரணைக்கு இடமே இல்லை. விசாரித்தால் சில வதந்திகள் உண்மையாக இருந்துவிடக்கூடும். அப்புறம் கமிட்டி எதற்கு?”

பெட்டி நிரம்பி வழிந்தது. பர்மாக்காரர்கள் ரயில் தண்டவாளத்தில் ஆணி பிடுங்குவதில்லை என்று சூசைமுத்து கூவினார். மந்திரம் போட்டு மழையைத் தடுப்பதில்லை என்று கூவினார். பர்மாப் பெண்களுக்கு வால் இல்லை என்றும் கூவினார். இந்தக் கடைசி மறுப்புக்கு மட்டும் ஆதாரம் இருந்தால் நன்றாயிருக்கும் என்று கமிட்டிக்குத் தோன்றி, காதர் பீவியை டாக்டரிடம் சர்ட்டிபிகேட் வாங்கிவரச் சொன்னார்கள். டாக்டர் பாவம், நல்ல மனுஷர். “இருக்கிறதுக்குத்தான்மா நான் சர்ட்டிபிகேட் தர முடியும். இல்லாததுக்கு எப்படித் தருவேன்?” என்று அனுப்பிவிட்டார். டாக்டரே தர மறுத்துவிட்டார் என்ற செய்தி அவள் வீடு திரும்புமுன்பே தெருவுக்கு வந்துவிட்டது.

கன்னிவாடிக்காரர் ஒருவர் சிவப்புப் பெட்டியைத் தபால் பெட்டி என்று நினைத்து, தன் எருமை கன்று போட்டதை மருமகனுக்கு எழுதிப் போட்டுவிட்டார். மறுவாரம் கன்னிவாடி முழுக்க, எருமை கன்று போடவில்லை என்று தண்டோரா. கன்று பக்கத்தில் நின்று பால் குடித்துக்கொண்டிருந்தது.

இதை எல்லாம் கேட்டுக்கொண்டிருந்த காதர் பீவிக்கு ஒரு யோசனை வந்தது. அடுப்பு மூட்டாத அறையில் உட்கார்ந்திருந்தால் யோசனை வராமல் என்ன செய்யும்?

“மெஹராஜ், ஒரு காயிதம் எடு.”

“எதுக்கும்மா?”

“பெட்டியில போடத்தான். ‘சுருட்டுக்காரத் தெரு காதர் பீவி, ஜெகபர் அலி ராவுத்தரோட கூடப் பொறந்த தங்கச்சி’ன்னு எழுது.”

“அம்மா! அதுல விழுந்தா எல்லாத்தையும் இல்லைன்னுருவாங்கம்மா. எருமைக்கே...”

“எருமை கதை வேற. கமிட்டியில எருமைய யாருக்குத் தெரியும்? எங்க அண்ணன் அங்க மேசையில ஒக்காந்திருக்காருடி. காயிதம் அவரு கைக்குத்தானே வரும்? இங்க வந்து நிக்கத்தான் அவருக்கு வெக்கம். நாலு பேரு முன்னால வாசிக்கிறப்ப, இது வதந்தி இல்லப்பா, நெசந்தான்னு சொல்லித்தானே ஆவணும்? சொல்லிட்டா அதையும் தமுக்கடிப்பாங்கள்ல. பேச்சியம்மா வாசல்லயே வந்து அடிப்பாங்க.”

மெஹராஜ் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். எழுதிக் கொடுத்தாள். காதர் பீவியே போய்ப் போட்டுவிட்டு வந்தாள். வருகிற வழியில் குழாயடியைக் கடந்தபோது, மூலையில் கிடந்த தன் குடத்தை எடுத்துச் சாம்பல் போட்டுத் துலக்கி வைத்தாள்.

அந்த வாரம் தமுக்குச் சத்தம் தெருவுக்குள் நுழைந்தபோது அவள் குடத்தோடு வாசலிலேயே நின்றிருந்தாள். பேச்சியம்மாளையும் கூப்பிட்டாள். “வா பேச்சி, கேளு. இன்னிக்கு நல்ல சேதி.”

சூசைமுத்து அவளைப் பார்த்ததும் குச்சியை இறக்கிவிட்டார். “ஆத்தா, செத்த உள்ள போங்களேன். நான் அடிச்சிட்டுப் போயிர்றேன்.”

“ஏன்? எனக்குத்தானே அடிக்க வந்திருக்கீக. அடிங்க.”

“நான் அடிக்கிறவன்தான் ஆத்தா. சொல்றது அவுக.”

அவர் தமுக்கை இரண்டு தட்டுத் தட்டினார். எதிரொலிக்கிற அந்தக் குரல் அன்றைக்கு எங்கேயோ போயிருந்தது.

“இதனால் சகல ஜனங்களுக்கும் தெரிவிப்பது... சுருட்டுக்காரத் தெரு காதர் பீவிங்கிறவுக... கமிட்டி மெம்பர் ஜெகபர் அலி ராவுத்தருக்குத் தங்கச்சின்னு சொல்றது... வதந்தீ... அப்பிடி ஒரு ஒறவு அவருக்கு இல்லே... எப்பவும் இருந்ததில்லே... இப்படிக்குக் கமிட்டி மெம்பர்கள் எல்லாரும்... ஜெகபர் அலி ராவுத்தர் உள்பட...”

கடைசி இரண்டு வார்த்தைகளை அவர் தரையைப் பார்த்துச் சொன்னார்.

இத்தனை மாதமாகக் கமிட்டி வெளியிட்ட மறுப்புகளில் ஒன்றைக்கூட ஊர் நம்பியதில்லை. இந்த ஒன்றை மட்டும் உடனே நம்பியது.

பேச்சியம்மாள் காதர் பீவியின் கையில் இருந்த குடத்தை ஒரு தடவை பார்த்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வெயில் தாழ்ந்த நேரத்தில் ஜெகபர் அலி வந்தார். ஆமாம், அந்தத் தெருவுக்குள்ளேயே வந்தார். தலையில் துண்டைப் போட்டு முகத்தை மூடிக்கொண்டு, கொல்லைப்புறச் சந்து வழியாக. மெஹராஜ் எழுந்து சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

“கோவிச்சுக்காத புள்ள.”

காதர் பீவி குடத்தை எடுத்துச் சுவரோரம் வைத்தாள்.

“காயிதத்தப் பிரிச்சு வாசிச்சது சடையாண்டி. வாசிச்சிட்டு, ‘என்ன ராவுத்தரே?’ன்னு என்னையப் பாக்குறாரு. எல்லாரும் பாக்குறாக. நான் என்ன செய்ய? பெட்டியில விழுந்தா வதந்தின்னு நாங்கதானே தீர்மானம் போட்டோம்? நானே இல்லைன்னு சொல்லாட்டி, மெம்பரே வதந்திய ஆதரிக்கிறாருன்னு ஆயிரும்ல?”

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“நல்லா யோசிச்சுப் பாரு. நாங்க மறுக்கிறத எவன் நம்புறான்? நாய் திங்கலேன்னோம். நம்புனானா? வாலு இல்லேன்னோம். நம்புனானா? அதே மாதிரி, தங்கச்சி இல்லேன்னாலும் நம்ப மாட்டான். அப்ப என்னங்கிறான்? தங்கச்சிதான்கிறான். ஒனக்கு நல்லது செய்யணும்னுதான் புள்ள நான் மொதக் கையெழுத்தாப் போட்டேன்.”

தான் சொன்னது தனக்கே பிடித்துப்போய், அவர் துண்டை எடுத்து உதறினார். தோளில் போடப் போனவர், வந்த வழி ஞாபகம் வந்து தலையிலேயே போட்டுக்கொண்டார்.

“எலெக்‌ஷன் முடியட்டும். நானே வந்து குழாயடியில நிக்கிறேன். ஊருக்குத்தான் இல்ல. உள்ளுக்குள்ள நீ எந்தங்கச்சி இல்லேன்னு ஆயிருமா?”

காதர் பீவி அண்ணனை நிமிர்ந்து பார்த்தாள். அவள் குரலில் சண்டை இல்லை. தெரியாததைத் தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

“எப்பவும் இருந்ததில்லேன்னா, அம்மா மௌத்தானப்ப ரங்கூன்ல இருந்து அண்ணனுக்குன்னு ஒரு தந்தி அடிச்சேனே... அத யாரு வாங்கினது?”